முன்கட்டைக்கு அடியில்

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை ஹெஸ்டர் கழற்றி அலமாரிக்குள் ஒளித்துவைத்த துப்பாக்கி ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் கூடத்துச் சுவரில் தொங்கியது.

அதன் அட்டைச் சீட்டும் கூடவே இருந்தது. மங்கிப் போயிருந்த எழுத்துகளின் மேல் யாரோ புது மை ஓட்டியிருந்தார்கள். கோடுகள் நடுங்கியிருந்தன. யாரோ என்ன, அப்பாதான்.

'ஹெஸ்டர் சுத்தம் செய்தது.' கீழே தேதி. இருபத்தேழு வருஷத்துக்கு முந்தையது.

அப்பா டெஸ்மண்ட் காட்டரலிடம் விக்டோரியா ராணி காலத்துக் குதிரைப்படைத் துப்பாக்கிகள் இருபத்திரண்டு உண்டு. சேணத்தில் உட்கார்ந்து சுடுவதற்காகக் குட்டையாகச் செய்யப்பட்ட கார்பைன்கள். இருபத்தொன்று துப்பாக்கி அறையில் வரிசையாக நிற்கும். இது ஒன்று மட்டும் கூடத்தில், தொப்பி மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், வந்தவர் போனவர் எல்லாரும் பார்க்கும்படி.

இந்த வகைக்குக் குரங்குவால் என்று பெயர். பின்பக்கம் மேலே நீண்டு கிடக்கும் நெம்புகோல் அப்படி இருக்கும். ஹெஸ்டருக்கு இருபத்திரண்டு வயது ஆனபோது, அப்பாவின் பிறந்தநாளுக்குப் பரிசாக இருக்கட்டும் என்று, சமையலறைக் கம்பிநாரை எடுத்து அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். கையும் காற்றும் நூறு வருஷம் சேர்ந்து ஏற்றிய பழுப்பு ஒரே மத்தியானத்தில் போய்விட்டது. போனால் திரும்பாது. சேகரிப்பவர்கள் துருவை மன்னிப்பார்கள், பளபளப்பை மன்னிக்க மாட்டார்கள்.

அந்த மாதம்தான் வடக்கே ஓர் அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களைப் பராமரிக்கும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தன் கை சரியில்லை என்று அவளே எழுதி வேண்டாமென்றாள். அதற்குப் பிறகு இந்த வீடுதான். வியாழக்கிழமைதோறும் மற்ற இருபத்தொன்றுக்கும் எண்ணெய் போடுவாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் குறிப்பு எழுதிவைப்பாள்.

அப்பாவுக்கு எண்பத்தொன்று. எல்லாவற்றையும் ஏலத்துக்கு விடத் தீர்மானித்துவிட்டார். "செத்ததுக்கு அப்புறம் வித்தா, அவனவன் அடிச்சுக்கிறதை நான் எப்படிப் பாக்கிறது?" என்றார். அதற்காக வெள்ளிக்கிழமை பர்மிங்ஹாமிலிருந்து ஏலக்கடைக்கார அம்மாள் மிஸ் பெல்லாமி வந்தார். துப்பாக்கிகளைப் பார்த்ததைவிட அதிக நேரம் ஹெஸ்டரின் அட்டைகளைப் பார்த்தார். தங்கள் ஆயுதப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்கிறேன் என்றார்.

சனிக்கிழமை தம்பி லயனல் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டான்.

அப்பா கத்தவில்லை. சேகரிப்போர் சங்கத்து மேஜர் ஃபென்விக்கைச் சாப்பிடக் கூப்பிடு, நல்ல மாட்டிறைச்சியாகப் பார்த்து வாங்கு என்றார்.

அவர் கோபப்பட்டால் பயமில்லை. விருந்து வைத்தால்தான் பயம்.

*

அவித்த முட்டையின் தலையை அவள்தான் வெட்டித் தர வேண்டும். அவர் கை இரண்டு வருஷமாக ஆடுகிறது.

"அதை யார் மாட்டினது?"

"எதை?"

"கூடத்துல."

"அது இருக்க வேண்டிய இடம் அதுதான். உப்பு."

நகர்த்தி வைத்தாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் கதையைச் சொல்லாதீங்க."

"எந்தக் கதை?"

அவர் முட்டையைக் கரண்டியால் நோண்டினார். பாதி வாய்க்குப் போயிற்று, பாதி சட்டைக்கு.

"மிஸ் பெல்லாமி என்னை வேலைக்கு எடுத்துக்கலாமான்னு பாக்கறாங்க."

"லயனல் சொன்னான். நல்ல பையன். எதையும் மனசுல வச்சுக்கத் தெரியாது."

"எனக்கு நாப்பத்தொன்பது வயசாகுது."

"தெரியும். நீ பொறக்கறதுக்கு உங்கம்மா ரெண்டு நாள் கத்தினா. அப்பவே அவசரம் இல்லாத ஜென்மம் நீ."

"சொல்லமாட்டீங்கதானே?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் மட்டும் ஆடவில்லை.

"சொல்லமாட்டேன். வாக்கு. போதுமா? சட்டையைத் துடை."

துடைத்தாள்.

பிறகு கூடத்துக்குப் போய்க் குரங்குவாலை மறுபடியும் இறக்கினாள். சீட்டோடு கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் அறையில், கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். சுவரில் ஆணியும், துப்பாக்கி வடிவத்தில் ஒரு வெளிறிய தடமும் மிஞ்சின.

*

லயனல் இரண்டு பாட்டில் சிவப்பு ஒயினோடு வந்தான். சாப்பாடு ஆவதற்கு முன்பே ஒன்றைத் திறந்தான்.

"கோவமா அக்கா?"

"ஏன் சொன்ன?"

"இன்னைக்குத் தெரியப்போறது நேத்தே தெரிஞ்சா என்ன? நீ போனா அவரை யாரு பாத்துக்கிறதுன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

"நீ பாத்துக்கோ."

"எனக்கு எண்ணெய் வாசனை ஆகாது," என்று சிரித்தான்.

பதினொரு மணிக்கு மிஸ் பெல்லாமி வந்தார். மழைக்கோட்டை உதறி மாட்டும்போது வெற்று ஆணியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

துப்பாக்கி அறையில் பெல்லாமி ஒவ்வொன்றையும் எடுக்குமுன் "எடுக்கலாமா?" என்று கேட்டார். எடுத்ததைத் திருப்பி வைக்குமுன் எண்ணெய்த் துணியால் விரல் பட்ட இடத்தைத் துடைத்தார். கேட்காமல் தொடக் கூடாது, துடைக்காமல் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கை வியர்வை ஒரு வாரத்தில் துருவாக முளைக்கும். ஆளை எடைபோட இந்தக் கூட்டத்துக்கு அந்த இரண்டு போதும்.

"எல்லாத்தையும் பிரிக்க நேரமில்ல, மிஸ்டர் காட்டரல். மூணைக் கழட்டிக் கட்டைக்கு அடியில பாத்துட்டா போதும். எங்க வழக்கம்."

"எந்த மூணு?"

"நீங்களே சொல்லுங்க."

அப்பா கைத்தடியை நீட்டினார். இது. அது. அந்தக் கடைசி.

ஹெஸ்டர் மேலங்கிப் பையிலிருந்து திருப்புளிகளை எடுத்தாள். திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி ஒவ்வொன்றின் முனையையும் அவளே தேய்த்து வைத்திருந்தாள். பழைய திருகு முதலில் அசையாது. துளி எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு முனகிக்கொண்டு இளகும். காத்திருந்தாள். முனகிக்கொண்டு இளகியது. அடியில் தாங்கும் மர முன்கட்டையைத் தூக்கி, குழலைக் கவிழ்த்துத் துணிமேல் வைத்தாள்.

கட்டை மூடியிருந்த இடத்துக்கும் மூடாத இடத்துக்கும் நடுவே கத்தியால் கீறினது போல ஒரு கோடு. மேலே கரும்பழுப்பு. கீழே பட்டறையை விட்டு வந்த நாளின் நீலச் சாம்பல் நிறம். சோதனைக்காரர்கள் அடித்த முத்திரைகள் நேற்று அடித்தது போலக் கூர்மையாக இருந்தன.

"வெளிய இருக்கிறதுக்குத்தான் வயசாகும்," என்றாள். "கட்டைக்கு அடியில இருக்கிறது பொறந்த மாதிரியே இருக்கும்."

பெல்லாமி குனிந்து பார்த்துத் தலையசைத்தார். மூன்றும் அப்படியே இருந்தன.

"அந்த விக்டோரியா?" பெல்லாமி நடுத் தாங்கியைக் காட்டினார். ராணி பட்டத்துக்கு வந்த புதிதில் செய்த கார்பைன், அவள் பெயரையே வைத்தார்கள். இருபத்திரண்டிலும் அதுதான் விலை மதிப்பு.

"அதைத் தொடவேண்டாம்," என்றார் அப்பா. "பட்டறையை விட்டு வந்த நாள்லேருந்து அதுல ஒரு திருகு திரும்பினதில்ல. இவளையே விட்டதில்ல. அதுக்குத்தான் காசு."

பெல்லாமி மரியாதையாகப் பின்வாங்கினார். திருகு திரும்பாத துப்பாக்கியின் முன்னால் எல்லாரும் அப்படித்தான் பின்வாங்குவார்கள்.

அப்பா கைத்தடியோடு வெளியே போனதும் பெல்லாமி குரலைத் தாழ்த்தினார்.

"புதன்கிழமை வர முடியுமா உங்களால?"

"எங்க?"

"பர்மிங்ஹாம். வேலைக்கு. நாலு பேரைப் பாத்தாச்சு. திருப்புளி பிடிக்கிற விதமே தெரியல. உங்க கையை நாள் பூரா பாத்துட்டே இருக்கலாம் போல இருக்கு. சாப்பிட்டதும் அப்பாகிட்ட நானே சொல்றேன்."

"நானே சொல்லிக்கறேன்," என்றாள் ஹெஸ்டர். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

*

மேஜர் ஆப்ரி ஃபென்விக் எண்பது வயதிலும் நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்காருவார். குதிரை மேல் உட்கார்ந்தது போல. காலாட்படையில் சமையல் பிரிவில் இருந்தவர்.

இறைச்சி நன்றாக வெந்திருந்தது. அப்பாவின் பங்கை ஹெஸ்டர் சிறிதாக வெட்டிக் கொடுத்தாள். குழம்பு சுற்றி வந்தது. பெல்லாமி அட்டைகளைப் பற்றிப் பேசினார். இப்படி ஒரு குறிப்பேடு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை என்றார்.

"எல்லாம் இவ வேலைதான்," என்றார் அப்பா.

ஹெஸ்டரின் முள்கரண்டி நின்றது. அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"இவ கை பட்டா எதுவும் பழைய மாதிரி இருக்காது. ஆப்ரி, உனக்குத் தெரியுமே. மிஸ் பெல்லாமிக்குத்தான் தெரியாது. எனக்கு அம்பத்துநாலு முடிஞ்ச அன்னைக்கு என் பொண்ணு எனக்கு ஒரு பரிசு குடுத்தா..."

"அப்பா."

"இரு, அவங்க கேக்கட்டும்."

கேட்டார்கள். ஹெஸ்டருக்கு அந்தக் கதையின் ஒவ்வொரு வளைவும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது. கண்ணைத் திறந்ததும் சூரியன் என்று நினைத்தது. அம்மாவிடம் 'இது துப்பாக்கியா, தேநீர்க் குடுவையா?' என்று கேட்டது. அந்த இடத்தில் மேஜர் சிரிப்பார். சிரித்தார். லயனலும் சிரித்தான்.

பெல்லாமி சிரிக்கவில்லை.

"கம்பிநாராலயா?"

"சமையலறைக் கம்பிநார். பன்றிக்கொழுப்பு ஒட்டின கம்பிநார்."

பெல்லாமி ஹெஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். காலையில் பார்த்த அதே கைகள்தான்.

"தினமும் அதுல முகம் பாத்துக்கறேன். ஹெஸ்டர், போய் எடுத்துட்டு வா. எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

போய் எடுத்து வந்தாள். பெல்லாமி "எடுக்கலாமா?" என்று கேட்டு வாங்கினார். ஜன்னல் வெளிச்சம் குழலில் அடித்து மேஜரின் கண்ணைக் கூசவைத்தது.

"பாவம்," என்றார் பெல்லாமி. அது துப்பாக்கிக்கா அவளுக்கா என்று தெரியவில்லை. பிறகு தொழில் புத்தியோடு சொன்னார். "கட்டைக்கு அடியில கம்பிநார் போயிருக்காதே. அங்க பழசு அப்படியே இருந்தா, அதைச் சொல்லியாவது விக்கலாம். கழட்டிப் பாத்தீங்களா?"

"வேண்டாம்," என்றார் அப்பா.

"ரெண்டு நிமிஷம்தான்..."

"வேண்டாம்னேன். புட்டிங் ஆறிடும். ஹெஸ்டர், அதைக் கொண்டுபோய் வை."

பெல்லாமி விரல் பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். "மிஸ் காட்டரல், காலையில நான் சொன்னதை... ஒருதரம் மேல பேசிட்டுச் சொல்றேன்," என்றார். தட்டைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா கடுகுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

*

பாத்திரம் கழுவும் அறையில் கஸ்டர்டு பால் பொங்கும் நிலையில் இருந்தது. ஹெஸ்டர் அடுப்பை அணைத்தாள்.

அழுகை வரவில்லை. அந்த 'வேண்டாம்' காதிலேயே நின்றது. அப்பா எதற்கும் இழுத்து இழுத்துத்தான் பதில் சொல்வார். எதிராளி காத்திருப்பது அவருக்குப் பிடிக்கும். அந்த ஒரு வார்த்தை மட்டும் பெல்லாமி கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது.

இருபத்தேழு வருஷமாக இந்தத் துப்பாக்கியை அவள் கழற்றியதில்லை. இனி இதில் கை வைக்காதே என்று அன்று சொன்னார். வைக்கவில்லை.

பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். திருகு, வளையம், குறுக்கு ஆணி. எண்ணெய் தேவைப்படவில்லை. முன்கட்டை கையோடு வந்தது.

குழலைக் கவிழ்த்தாள்.

கோடு இல்லை.

கட்டை மூடியிருந்த இடம் முழுக்கப் பழுப்பு. வெளியே அவள் தேய்த்தெடுத்த அதே பழுப்பு. ஓரத்தில் சாயம் போலத் திரண்டு ஒழுகிக் காய்ந்திருந்தது. அதற்கடியில் சாணைச் சக்கரம் ஓடின மெல்லிய வரிகள். முத்திரைகளின் முனை சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தது.

அவள் தேய்க்கும் முன்பே யாரோ இதைக் கழற்றித் தேய்த்திருக்கிறார்கள். மருந்து பூசிப் பழுப்பாக்கி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். அவளுடைய கம்பிநார் எடுத்தது நூறு வருஷத்தை அல்ல, ஒரு வாரப் பூச்சை.

குழாயில் கையைக் கழுவித் துடைத்தாள்.

பிறகு புட்டிங் எடுத்துப்போகும் பெரிய தட்டில் வெள்ளைத் துணியை விரித்தாள். முன்கட்டை, வளையம், ஆணி, திருகு என்று வரிசையாக வைத்தாள். குழலின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி நடுவில் வைத்தாள்.

*

தட்டை மேஜையின் நடுவில் வைத்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அதைப் படிக்கத் தெரியும்.

"ருபார்ப் புட்டிங் எங்க?" என்றான் லயனல்.

பெல்லாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "காத்து போகாத இடத்துல பழுப்பு ஏறாது," என்றார் மெதுவாக. "இது பூசினது. இவங்க தேய்ச்சு எடுத்தது பூச்சைத்தான்."

ஹெஸ்டர் அப்பாவைப் பார்த்தாள். அவர் கை மேஜைவிரிப்பில் ஆடியது. முகம் ஆடவில்லை.

"அடியையும் அவதான் தேய்ச்சா," என்றார்.

"தேய்ச்சா பளபளன்னு இல்ல இருக்கணும், டெஸ்மண்ட்?" மேஜர் கேட்டார். "இது பழுப்பா இருக்கே."

அப்பா மேஜைவிரிப்பின் சுருக்கத்தை நீவினார்.

லயனல் நாலாவது கோப்பையை ஊற்றிக்கொண்டான். "விடுங்கப்பா. யாருக்கு என்ன ஆச்சு இப்போ? நீங்க அதைப் பூசறப்போ பின்கட்டுத் துணி துவைக்கிற அறைல அந்த நாத்தம்! அழுகின முட்டை மாதிரி. தூரிகையைக் கையில வச்சுட்டு நின்னீங்க. நான் உள்ள வந்துட்டேன். மறுநாளே எனக்கு சைக்கிள்."

"லயனல்," என்றார் அப்பா.

"பதினாறு வயசு எனக்கு. சிவப்பு சைக்கிள். பத்து கியர்."

ஹெஸ்டர் தம்பியின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"இருபத்தேழு வருஷமா உனக்குத் தெரியுமா?"

அவன் கோப்பையைச் சுழற்றினான். கொஞ்சம் வெட்கம் மாதிரி ஏதோ வந்து போயிற்று.

"நல்ல சைக்கிள்க்கா அது," என்றான்.

மேஜர் எழுந்து தட்டுக்குப் பக்கத்தில் வந்தார். கேட்காமலே குழலை எடுத்தார். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதை நான்தானே வாங்கிக்கிறதா இருந்தது? அந்த வாரம்தானே பேசி முடிச்சோம்?"

"பழங்கதை, ஆப்ரி."

"அப்போ இவ தேய்க்காம இருந்திருந்தா இது என் வீட்டுல இருந்திருக்கும்."

"பழங்கதைங்கறேன்."

"அதுக்கு முந்தின குளிர்காலத்துல உங்கிட்ட ரெண்டு வாங்கினேன்."

"நல்ல துப்பாக்கிங்க."

"நல்ல துப்பாக்கிங்கதான். கழட்டிடாதே, திருகு திரும்பாம இருக்கிறதுதான் மதிப்புன்னு சொன்ன. நானும் கழட்டல."

குழலைத் துணியில் போட்டார். வைக்கவில்லை, போட்டார். துடைக்கவும் இல்லை. நாலு விரலின் குழம்பு இரும்பில் பதிந்திருந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டே கதவிலிருந்து சொன்னார். "ஹெஸ்டர், நாளைக்குக் காலையில உன் திருப்புளியை எடுத்துட்டு என் வீட்டுக்கு வா. ஒன்பது மணிக்கு."

அவளிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று ஒரு கணம் நினைத்திருந்தாள். கார் கிளம்பிப் போயிற்று.

அவள் கை தானாகத் துணியை எடுத்து அந்தக் குழம்பைத் துடைத்தது.

*

கூடத்தில் மிஸ் பெல்லாமி மழைக்கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டார்.

"உங்க மேல தப்பில்லைன்னு இப்போ தெரிஞ்சு போச்சு. எனக்கு அதுல சந்தோஷம்."

"புதன்கிழமை..." என்றாள் ஹெஸ்டர்.

பெல்லாமி கடைசிப் பொத்தானுக்கு வந்தார்.

"இந்தத் தொகுப்பை இனி எங்களால விக்க முடியாது. ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பாக்காம முடியாது. உங்க அப்பா அதுக்கு விடமாட்டார். சேதி நாளைக்கே பரவிடும், மேஜர் பரப்பிடுவார்."

"நான் கேக்கறது வேலையைப் பத்தி."

"காட்டரல்ங்கற பேரை எங்க புத்தகத்துல எப்படிப் போடறது, சொல்லுங்க. இருபத்தேழு வருஷம் எண்ணெய் போட்டிருக்கீங்க. பூசினது எதுன்னு உங்களுக்குத் தெரியலைன்னா, உங்க கண்ணு போதாதுன்னு சொல்வாங்க. தெரிஞ்சிருந்ததுன்னா..." நிறுத்தினார். "அது அதைவிட மோசம்."

"எனக்குத் தெரியாது."

"நான் நம்பறேன்," என்றார் பெல்லாமி. நம்பினார். அதனால் எதுவும் மாறவில்லை.

போகும்போது கையைக் குலுக்கினார். ஹெஸ்டரின் கையை ஒரு கணம் அதிகமாகப் பிடித்திருந்தார். நல்ல கருவியை விலை படியாமல் திருப்பிக் கொடுக்கிறவர் போல.

*

சாப்பாட்டு அறையில் லயனல் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். அப்பா புட்டிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கஸ்டர்டு இல்லாமல்.

"போயிட்டாளா?"

"ம்."

"வேலை?"

அவள் லயனலின் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வாயை மூடிட்டு இருந்திருந்தா, திங்கக்கிழமை அவ மேல பேசி, ஒருவேளை குடுத்திருப்பா," என்றார் அவர். கரண்டியை நக்கினார். "கதைதானே சொன்னேன். கதைக்கு யாரும் வேலையைப் பிடுங்கமாட்டாங்க. நீயே கொண்டுவந்து மேஜைல வச்ச. கம்பிநாரும் அப்படித்தான், யாரும் கேக்கல. உனக்குச் சுத்தம் பண்ணாம இருக்க முடியாது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு? என் பொண்ணு நான் பூசினதைத் துடைச்சுட்டான்னா? சங்கத்துல ஒருத்தரோட மானம் போகணும்னு இருந்துது. உனக்குச் சின்ன வயசு. தாங்கிக்குவேன்னு நினைச்சேன்." கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "தாங்கிக்கிட்டே. குறை சொல்லமாட்டேன். வியாழக்கிழமை எண்ணெய் மறந்துடாதே. மழைக்காலம்."

ஹெஸ்டர் கிண்ணத்தை எடுக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு துப்பாக்கி அறைக்குப் போனாள். இருபத்தொன்றும் வரிசையாக நின்றன. காலையில் கழற்றிய மூன்றும் நல்லவை. அந்த மூன்றையும் காட்டியது அவருடைய கைத்தடி.

நடுத் தாங்கியிலிருந்து விக்டோரியாவை இறக்கினாள். யாரிடமும் 'எடுக்கலாமா' என்று கேட்கவில்லை. மேஜைமேல் துணியை விரித்துப் படுக்கவைத்தாள்.

பின்னால் கைத்தடியின் சத்தம் கேட்டது. அவர் அவ்வளவு வேகமாக நடந்து இரண்டு வருஷம் இருக்கும்.

"ஹெஸ்டர்."

எண்ணெய்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்தாள். திருப்புளிகளில் சரியான முனையைத் தேடி எடுத்தாள்.

"அது மட்டும் வேண்டாம், ஹெஸ்டர். கேக்கறேன்."

கேட்கிறார். வாழ்க்கையில் முதல் தடவை. அவள் திரும்பிப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது முகமும் ஆடியது. சட்டையைத் துடைக்கவும் முட்டையை வெட்டவும் அவள் கை வேண்டியிருந்த கிழவர். அந்த முகத்தை அவள் நிதானமாகப் பார்த்தாள். பார்க்க நன்றாக இருந்தது.

"உக்காருங்கப்பா," என்றாள். "பாத்துட்டே இருங்க."

முனையைத் திருகின் பள்ளத்தில் வைத்தாள். நூற்று எழுபது வருஷமாகத் திரும்பாத திருகு. எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். அசையாது. முனகும்.

விரலால் லேசாகத்தான் அழுத்தினாள்.

சத்தமே இல்லாமல் சுழன்றது.